இடது பக்கக் கீழ்மூலை

எங்கள் தொழிலில் என் அக்காவுக்கு 'வேண்டாம் மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். பழைய வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டிய மர அலமாரிகள் இருக்குமே, ஆளுக்கு ஒரு பெயிண்டாக அடித்து அடித்து, ஒழுங்காக மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நிற்குமே, அதைச் செலவு செய்து புதுப்பிக்கலாமா, பெயர்த்துப் போட்டுவிடலாமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பத்து வீட்டுக்குப் போனால் ஏழு வீட்டில் 'வேண்டாம்' என்பாள். மீதி மூன்று வீடுதான் எனக்கு. புதுப்பிக்கிற தச்சன் நான். கூடப் பிறந்தவளே என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாளே என்று நான் புலம்பாத நாள் இல்லை.

"ஏன்க்கா, தேறும்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டிருக்கிறேன்.

"நீ ரெண்டு மாசம் இழைச்சு இழைச்சு நிக்க வைப்ப. நாலு வருஷத்துல அது புட்டுக்கும். அப்ப திட்டு வாங்குறது யாரு? நீ உளியை எடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்ப" என்பாள்.

அதற்குமேல் பேச்சு வளராது. அவளோடு பேசி ஜெயித்தவர் என்று இதுவரை யாரும் இல்லை. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். "எங்க கல்யாணத்துக்கு முன்னாடி என் காதுக்குப் பின்னால சுரண்டிப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பஸ் ஓட்டுகிறவர். எந்த நகைச்சுவையையும் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டுவார்.

அக்கா இந்த வேலையைப் படித்து வரவில்லை. ஒரு பெயிண்ட் கடையில் பதினெட்டு வருஷம் நிறம் கலந்தவள். சுவரிலிருந்து பெயர்ந்த நகக்கண் அளவுத் துணுக்கைக் கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்று நிற்பார்கள். இவள் அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, இத்தனை சொட்டு கறுப்பு, இத்தனை சொட்டு மஞ்சள் என்று கலந்து கொடுப்பாள். எந்த நிறம் எந்தக் காலத்தில் கடைக்கு வந்தது, எது எப்போது நின்றுபோனது, எந்தப் பெயிண்ட் எத்தனை வருஷத்தில் எப்படி வெடிக்கும், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கடை முதலாளி வேறு ஊருக்குப் போய்விட, ஒரு நாள் காலையில் வேலை இல்லாமல் என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

நான் அப்போதுதான் தனியாகத் தொழில் ஆரம்பித்திருந்தேன். ஒரு அலமாரிக் கதவில் பெயிண்டை எடுக்க ஒன்பது நாளாகப் போராடிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நாள் மரம் தெரிந்தது. ஒரு மரம் இல்லை, மூன்று மரம். கிடைத்ததையெல்லாம் ஒட்டுப்போட்டு, ஒட்டு தெரியாமல் இருக்கத்தான் அதற்கு முதன்முதலில் பெயிண்டே அடித்திருக்கிறார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா எழுந்து வந்து பார்த்தாள்.

"இதை முதல் நாளே பார்த்திருக்கலாமே?"

"எப்படிப் பார்க்குறது? மேல ஆறு கோட் இருக்கு."

அவள் என் மேஜையிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்தாள். கதவின் ஓரத்தில் ஈரத்துணியால் ஒரு தடவு தடவி, கத்தியைச் சாய்த்து மெல்ல இழுத்தாள். காசு அளவு இடம். மேல் பூச்சு போனதும் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுத்தது, அதற்குள்ளே அடுத்தது என்று படி மாதிரி இறக்கிக்கொண்டே போனாள். ஆறு நிறமும் வரிசையாகத் தெரிந்தன, நடுவில் மரம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என் ஒன்பது நாளை அவள் ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மறுவாரத்திலிருந்து எனக்கு முன்னால் அவள் போக ஆரம்பித்தாள்.

அவள் ஒரு அலமாரியைப் பார்க்கும் அழகை நான் சொல்லியே ஆகவேண்டும். போனவுடன் தொடமாட்டாள். நடு அறையில் நின்று, "இது வீட்டோட பிறந்ததா, அப்புறம் வந்து சேர்ந்ததா?" என்று முணுமுணுப்பாள். இதுதான் அவளுக்கு முக்கியமான கேள்வி. வீடு கட்டும்போதே அந்தச் சுவருக்கென்று அளந்து செய்ததாக இருந்தால் ஒரு மதிப்பு. எங்கேயோ பழைய கதவு வாங்கி வந்து, புதிதாகச் சட்டம் அடித்து மாட்டியதாக இருந்தால் வேறு மதிப்பு. பிறகு ஒவ்வொரு கதவையும் மூன்று தடவை திறந்து மூடுவாள், கண்ணை மூடிக்கொண்டு. கீல் எந்த இடத்தில் முனகுகிறது என்று கேட்பாளாம். இழுப்பறையை முழுசாக உருவி, கவிழ்த்து, அதன் அடிவயிற்றைப் பார்ப்பாள். மூலையில் பலகைகள் கைவிரல் கோத்த மாதிரி பிணைந்திருக்கின்றனவா, ஆணியடித்து நிற்கின்றனவா என்று தடவுவாள். ஊசியால் குத்திப் பார்ப்பாள். முகர்ந்து பார்ப்பாள். வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பெயிண்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்களே என்று யாராவது வருத்தப்பட்டால் அவளுக்குக் கோபம் வரும். "பெயிண்ட் அடிச்சதாலதான் மரம் இத்தனை நாள் தப்பிச்சிருக்கு" என்பாள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நனைத்துத்தான் சுரண்டுவாள். விழுந்த துணுக்கு ஒன்றுகூடத் தரையில் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். மறுநாள் பட்டறைக்கு வந்து, அந்தத் துணுக்குகளை ஒரு அட்டையில் ஒட்டி, எந்த வீடு, எந்தத் தேதி, என்ன சொன்னோம் என்று எழுதி வைப்பாள். அப்படி அறுநூறு அட்டைக்குமேல் இருக்கின்றன.

இன்னொரு பழக்கம். சுரண்டுவதற்கு அவள் எப்போதும் ஒரே இடத்தைத்தான் எடுப்பாள். இடது பக்கச் சட்டத்தில், கீழ்மூலையில், கீலுக்கு உட்புறம். உட்கார்ந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும். "வேண்டாம்னு சொல்லிட்டுப் போற வீட்ல நம்ம காயம் கண்ணுல படக்கூடாது" என்பாள். மரியாதையான பழக்கம் என்று நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த மரியாதைதான் காலை வாரியது. அதற்குத் துணை போனவன் நான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். முன்னறையில் தையல் மிஷின், அதன் பக்கத்தில் துணி வெட்டும் மேஜை, எதிர்ச்சுவர் முழுக்க அலமாரி. நடுவில் ஒரு மரத்தூண், அதற்கு இடப்பக்கம் ஒரு பாதி, வலப்பக்கம் ஒரு பாதி. கடைசியாக அடித்த பச்சை நிறம் கைபட்ட இடங்களில் தேய்ந்து, அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. உள்ளே நூல்கண்டுகள் நிறம் நிறமாக, பித்தான் டப்பாக்கள், அளவு எழுதிய நோட்டுகள். முப்பத்தைந்து வருஷமாக அந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துதான் தைக்கிறேன் என்றார் அந்த அம்மா. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் எந்த நூல் எங்கே என்று கைக்கே தெரியுமாம்.

மகன் செல்போன் பழுதுபார்க்கிறவன். முன்னறையையும் உள்ளறையையும் ஒன்றாக்கி வீட்டிலேயே கடை போட வேண்டும். குறுக்கே நிற்பது இந்த அலமாரி உள்ள சுவர்தான். கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. அம்மாவோடு சண்டை போட்டு இடிக்க அவனுக்கு மனசில்லை.

"மேடம், நான் சொன்னா அம்மாவுக்குக் கோபம் வரும். அம்மா சொன்னா எனக்குக் கோபம் வரும்" என்றான். "அதான் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். நீங்க பார்த்து, புதுப்பிக்கிற அளவுக்கு மதிப்பு இருக்குன்னு சொன்னா இது நிக்கட்டும். நான் வேற இடம் பார்த்துக்கறேன். இல்லைன்னா சனிக்கிழமை கொத்தனார் வர்றார்."

"எனக்கும் சம்மதம்" என்றார் தையல்காரம்மா. சொல்லும்போது அலமாரியைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த துணியைப் பார்த்தார்.

அக்கா நடு அறையில் நின்றாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் எனக்கு அந்த வீட்டைத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஸ்திரியிடம் கூலிக்கு இருந்தேன். அப்போது அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து, சுவர் ஊறி, அலமாரியின் இடது பக்கச் சட்டம் கீழே ஒரு முழம் மக்கிப்போயிருந்தது. மக்கின துண்டை அறுத்து எடுத்துவிட்டு, அதே மரத்தில் ஒட்டுக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி கொண்டுவந்து போட்டது இயந்திரம் வந்து இறங்கிய கள்ளிப்பெட்டிப் பலகை. "பெயிண்ட் அடிச்சா எல்லாம் ஒண்ணுதான்டா" என்றார். நான் மறுக்கவில்லை. அது மட்டுமல்ல, ஒட்டு தெரியக் கூடாது என்று வெறி பிடித்த மாதிரி இழைத்தேன். இணைப்பில் விழுந்த மயிரிழை இடைவெளியை நானே குழைத்த பட்டியால் அடைத்தேன். சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் கொஞ்சம் காவியும் சேர்த்தது, ரோஸ் நிறத்தில் இருக்கும். மேலே பெயிண்ட் அடித்தபின் எனக்கே இணைப்பு தெரியவில்லை. அந்த வேலையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலை முடிந்து தட்டுமுட்டுச் சாமான்களை எடுக்கும்போது அந்த அம்மாவின் கணவர் வந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "அதே மரம்தானே தம்பி?" என்று கேட்டார். மேஸ்திரி பக்கத்தில் இல்லை. என்னைத்தான் கேட்டார்.

"அதே மரம்தாங்க" என்றேன்.

இப்போது அந்த மனிதர் இல்லை. அலமாரி அப்போது நீலமாக இருந்தது, இப்போது பச்சை. எனக்கு முடி கொட்டி, வயிறு விழுந்து, கண்ணாடி வந்துவிட்டது. தையல்காரம்மா என்னைப் பார்த்து, "உட்காருங்க தம்பி" என்றதோடு சரி. அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து மூச்சு விட்டேன்.

அக்கா கதவுகளைத் திறந்து மூடினாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கு அந்த முகம் தெரியும், 'தேறும்' என்று சொல்லப் போகிற முகம். கீல்கள் பழைய பித்தளை, பெயிண்டுக்கு அடியில் நல்ல கனம். பிறகு ஈரத்துணியை எடுத்தாள். முட்டி போட்டாள். தலையை இடது பக்கக் கீழ்மூலைக்குள் விட்டாள்.

அக்கா, அங்கே வேண்டாம், வேறு எங்கேயாவது சுரண்டு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் அவ்வளவுதான் தேவை. 'ஏன்?' என்று கேட்பாள். காரணம் சொல்ல வேண்டும். என் அக்கா ஊரார் ஏமாற்றினால் திட்டுவாள், கூடப் பிறந்தவன் ஏமாற்றினான் என்று தெரிந்தால் என்ன செய்வாள் என்று நான் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவும் இல்லை. வாயில் வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் திரும்பித் தெருவைப் பார்த்தேன். ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அதை நான் முழுசாகப் பார்த்தேன்.

அக்கா வெகு நேரம் கழித்துத் தலையை வெளியே எடுத்தாள். பச்சைக்கு அடியில் வெள்ளை, அதற்கடியில் நீலம், அவ்வளவுதான். அதற்குக் கீழே வெளிறின மட்ட மரம். கீலும் கதவும் அதைவிட எத்தனையோ வருஷம் மூத்தவை. அவள் கணக்கு நேர்க்கணக்கு. பழைய கதவுகளை எங்கிருந்தோ வாங்கி வந்து, மட்ட மரத்தில் சட்டம் அடித்து மாட்டியிருக்கிறார்கள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"வீட்டோட பிறந்தது இல்லம்மா" என்றாள் தையல்காரம்மாவிடம். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னாள். "கதவு நல்ல கதவு. ஆனா சட்டம் சாதாரண மரம். மேல இருக்கிறதைச் சுரண்டினா தாங்காது. செலவு பண்ண வேண்டாம்."

தையல்காரம்மா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை. மகன்கூட, "இன்னொரு தடவை வேணா பார்க்கறீங்களா மேடம்?" என்று கேட்டான். அந்த அம்மா, "பார்த்தவங்களுக்குத் தெரியாதாடா?" என்று அவன் வாயை அடைத்துவிட்டார்.

கொத்தனார் சனிக்கிழமைதானே வருகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவில் வெள்ளிக்கிழமை ஒரு முழு நாள் இருக்கிறது. பக்குவமாகச் சொல்லலாம். ஏதாவது வழி தோன்றும். சோம்பேறிக்கும் கோழைக்கும் ஒரு நாள் கையில் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா பட்டறையில் அட்டை ஒட்ட உட்கார்ந்தாள். துணுக்கைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசை காய்ந்துகொண்டிருந்தது, அவள் ஒட்டவில்லை.

"டேய், இங்க வா. இந்த ஓரத்துல ரோஸ் கலர்ல கோடு மாதிரி ஒண்ணு இருக்கு பாரு. பட்டி. ஒரு இணைப்பு இருந்திருக்கணும். நேத்து என் கண்ணுல படவே இல்ல." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "எவன் செஞ்சானோ, பெரிய வேலைக்காரன். என்னையே ஏமாத்திட்டான் பாரேன்."

பதினெட்டு வருஷம் நிறம் கலந்தவள் வாயால் இதுவரை நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் உடைந்தது, கள்ளிப்பெட்டிப் பலகை, அந்த மனிதர் கேட்டது, நான் சொன்னது, நேற்று வாசலில் நின்றது, சைக்கிளுக்குக் காற்றடித்தவரைப் பார்த்தது.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு முழம் மட்டும்தானா? மேல முழுக்கப் பழசா?"

"ஆமாக்கா. பழைய தேக்கு. சுவர் கட்டும்போதே வச்சுக் கட்டினது."

"செருப்பைப் போடு" என்றாள்.

போகிற வழியெல்லாம் தையல்காரம்மாவின் மகனுக்குப் போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. சுத்தியல் சுவரில் விழும் சத்தம். கொத்தனாருக்கு வேறு இடத்தில் வேலை தள்ளிப்போய்விட்டதாம், ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

தையல்காரம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு போர்வையில் நூல்கண்டுகளையெல்லாம் கொட்டி மடியில் வைத்திருந்தார். நிறம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. உள்ளே ஒரே புழுதி. கொத்தனார் வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். வலது பாதி அலமாரி தரையில் கிடந்தது. சட்டத்தைக் கடப்பாறையால் நெம்பியதில் குறுக்கே முறிந்திருந்தது. இடது பாதி, என் கள்ளிப்பெட்டிப் பலகையோடு, பத்திரமாக நின்றது.

அக்கா பையைத் திறக்கவே இல்லை. கத்திக்கு வேலை இல்லை. முறிந்த சட்டத்தின் ஓரத்தில் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. பச்சை, வெள்ளை, நீலம், சந்தனம், சாம்பல், மறுபடி வெள்ளை, கடைசியில் அடர்ந்த செங்காவி. ஏழு. அதற்கு உள்ளே கறுத்த தேக்கு, நெருக்கமான ரேகை, முறிந்த இடத்தில் எண்ணெய் மினுக்கு. முகரக்கூடத் தேவையில்லை, அறை முழுக்க அதன் வாசனைதான். அவள் குனிந்து அந்த முறிவில் கையை வைத்தாள்.

"நிறுத்துங்க" என்றாள் கொத்தனாரிடம். மகன் உள்ளறையிலிருந்து ஓடி வந்தான். "தம்பி, நேத்து நான் சொன்னது தப்பு. இது வீட்டோட பிறந்ததுதான். நல்ல மரம். புதுப்பிச்சா உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்."

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம் இது? நேத்து வேண்டாம்னீங்க. பாதி இடிச்சப்புறம் வேணும்ங்கறீங்க. எதை நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம். நான் ஒரே இடத்துல பார்த்துட்டுப் பேசிட்டேன்" என்றாள். அங்கேயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாசல் பக்கம் போய்விட்டாள். இனி நான் பேசினால்தான் உண்டு.

தையல்காரம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். உட்காரவா நிற்கவா என்று தெரியவில்லை, தரையில் குந்தினேன். "அம்மா, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி குழாய் உடைஞ்சப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி" என்றார் அவர். "நேத்து நீங்க செருப்பைக் கழட்டும்போதே தெரிஞ்சுது. ஆள் மாறினாலும் நடை மாறலை. அப்பவும் வாசலுக்கு வெளியிலயே கழட்டி, ஒண்ணு மேல ஒண்ணா வைப்பீங்க."

மக்கின இடத்தில் கள்ளிப்பெட்டிப் பலகையை வைத்துவிட்டு, அதே மரம் என்று பொய் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"கட்டையைப் பத்தித் தெரியாது. அவர் கேட்டார், நீங்க அதே மரம்னு சொன்னீங்க, நாங்க நம்பிட்டோம். ஆனா நேத்து உங்க அக்கா வேண்டாம்னு சொன்னப்ப நான் உங்களைத்தான் பார்த்தேன். இந்த அலமாரியை உள்ளயும் வெளியயும் பார்த்தவர் நீங்க. நீங்களே பேசாம இருந்தீங்க. அப்ப நெசமாவே இதுல ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன்." ஒரு நூல்கண்டை எடுத்து, பிரிந்த நூலைச் சுற்ற ஆரம்பித்தார். "இல்லைன்னா நான் அவ்வளவு லேசுல சரின்னு சொல்லியிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் அந்தப் போர்வையில் கிடந்த நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். அது எதற்கும் போதாது என்று எனக்கே தெரிந்தது.

மகன் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வலது பக்கம் இடித்த ஓட்டையை அளந்தான். ஒரு ஆள் தாராளமாகப் போய்வரும் அகலம் இருந்தது. "இது போதும்" என்றான், யாரைப் பார்த்தும் இல்லாமல். "கடைக்கு வழி இது போதும். மிச்சத்தை விட்டுடுங்கண்ணே." கொத்தனார் சுத்தியலைக் கழுவப் போனார். பாதி அலமாரி பிழைத்தது அப்படித்தான். மற்ற பாதி நான் எடுத்துக்கொண்ட ஒரு நாளுக்குப் போனது.

திரும்பி வந்ததும் பட்டறை வாசலில் அக்கா நின்றாள். "கள்ளிப்பெட்டிப் பலகை வச்சது உன் தப்பு. நான் முட்டி போட்டப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. ஒரே மூலையைப் பார்த்துட்டு ஒரு வீட்டையே தீர்மானம் பண்ணது என் தப்பு. உன்னோடது எனக்கு வேண்டாம், என்னோடது உனக்கு வேண்டாம்." பிறகு உள்ளே போய் அந்த அட்டையை எடுத்து, ஏற்கெனவே எழுதியிருந்த 'வேண்டாம்' என்பதை அடிக்காமல், அதன் கீழே தேதி போட்டு 'தவறு' என்று எழுதி, துணுக்கை ஒட்டினாள். அறுநூறு அட்டையில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் நாலு இடத்தில் சுரண்டுகிறாள். அதில் ஒன்று கண் மட்டத்தில். வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தால், "காயம் தெரியட்டும், பரவாயில்லை" என்கிறாள். 'வேண்டாம்' குறையவில்லை. பத்துக்கு ஏழு அப்படியேதான் இருக்கிறது.

இடது பாதியைப் புதுப்பிக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. பச்சை, வெள்ளை, நீலம் மூன்றையும் எடுத்துவிட்டு, சந்தன நிறத்தில் நிறுத்தச் சொன்னாள் அக்கா. தையல்காரம்மா கல்யாணமாகி வந்தபோது அந்த நிறத்தில்தான் இருந்ததாம். கடைசியாக என் கட்டைதான் பாக்கி. முறிந்த வலது பாதியின் சட்டத்திலிருந்து ஒரு முழம் நல்ல தேக்கு எடுத்து வைத்திருந்தேன். அதே மரம், அதே வயது, அதே ரேகை. இந்தத் தடவை ஒழுங்காக ஒட்டுக் கொடுக்கலாம் என்று உளியை எடுத்தேன்.

"அதைத் தொடாதே" என்றாள் அக்கா.

"என்னக்கா இது? நல்ல மரம் கையில இருக்கு."

"கள்ளிப்பெட்டிப் பலகை அப்படியே இருக்கட்டும். பெயிண்டும் அடிக்காதே. இன்னொரு காலத்துல இன்னொருத்தி வந்து இந்த மூலையில கத்தி வைப்பா. பார்த்ததும் புரியணும் அவளுக்கு."

நான் தையல்காரம்மாவைப் பார்த்தேன். அவராவது எனக்குப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். அவர் மிஷினிலிருந்து எழுந்து வந்து, கட்டையைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். "இருபத்திரண்டு வருஷம் தாங்கியிருக்கில்ல?"

அக்கா பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள். அவளே எழுதிவிடுவாள் என்று பார்த்தேன், இல்லை. நான் முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டு, வெளிறிக் கிடந்த அந்த மரத்தில் தேதியை எழுதினேன். அதற்குக் கீழே, அந்த மனிதர் அன்றைக்கு என்னிடம் கேட்டதற்கான பதிலையும் எழுதினேன்: 'இது அதே மரம் இல்லை.'